கரையில் ஆறு மணி நேரம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கரிபியன் கடலில் சிறு கப்பலில் பயணம் செய்கிறவர்கள் தீவுகளில் இறங்கிச் செலவிடும் நேரத்தை எப்படித் திட்டமிடலாம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். சிறு கப்பல் என்று நான் சொல்வது நூறு முதல் முந்நூறு பேர் வரை தங்கக்கூடிய கப்பலை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு வரும் பெருங்கப்பல்களுக்கு ஆழமான துறைமுகமும் நீண்ட மேடையும் வேண்டும். சிறு கப்பலுக்கு நங்கூரம் போட ஒரு குடா இருந்தால் போதும். அதனால்தான் பெருங்கப்பல்கள் எட்டிப் பார்க்காத மீனவக் கிராமங்களின் முன்னால் போய்ச் சிறு கப்பலால் நிற்க முடிகிறது.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. பெருங்கப்பலில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு புத்தகம் போடும் அளவுக்குக் கரைப்பயணங்கள் இருக்கும். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று. சிறு கப்பலில் ஒரு தீவுக்கு இரண்டோ மூன்றோ இருந்தாலே அதிகம். போதிய ஆட்கள் சேராவிட்டால் அதிலும் ஒன்றை முதல்நாள் மாலை நீக்கிவிடுவார்கள். தீவில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அந்தச் சிறு தீவில் வாடகை வாகனமே மூன்று நான்குதான் என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே சிறு கப்பலில் போகிறவர் பெருங்கப்பலில் போகிறவரைவிட முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்துவிட்டு, குறைவாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஒரு தீவுக்கு ஒரு காரியம் என்பதே நான் என் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க, ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்கிறேன். பார்படோஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் கப்பலேறி, சென் வின்சென்ட் கிரெனடீன்ஸ் நாட்டின் பெக்வே, டொபாகோ கீஸ், சென் லூசியாவின் சூஃப்ரியேர், மார்த்தினிக்கின் சென் பியேர், டொமினிக்காவின் போர்ட்ஸ்மத், குவாதலூப்புக்குத் தெற்கே இருக்கும் லே சேன்ட் தீவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மீண்டும் பிரிட்ஜ்டவுன் திரும்பும் ஒரு வாரப் பயணம். பெயர்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது புரியும்.

முதலில் நேரம். பயண அட்டவணையில் "காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை" என்று போட்டிருப்பார்கள். ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது என்று நாம் மகிழ்ந்துவிடுவோம். எட்டு மணி என்பது கப்பல் நங்கூரம் போடும் நேரம். அதன் பிறகு அந்தத் தீவின் குடிவரவு, சுங்க அதிகாரிகள் கப்பலின் ஆவணங்களைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். அதுவரை ஒருவரும் கரையில் கால் வைக்க முடியாது. சில தீவுகளில் கால் மணி நேரத்தில் முடியும், சிலவற்றில் ஒரு மணி நேரமும் ஆகும். பிறகு டெண்டர் என்று சொல்லப்படும் கரைப்படகில் இருபது முப்பது பேராக ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள். மாலையில் கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்றால் கடைசிக் கரைப்படகு நாலரைக்கு. அதையே நம்பியிராமல் அதற்கு முந்திய படகுக்கு வருவது நல்லது. எல்லாவற்றையும் கழித்து, நடுவில் ஒரு சாப்பாட்டுக்கும் நேரம் விட்டால், கரையில் உருப்படியாக மிஞ்சுவது ஆறு மணி நேரம். நான் திட்டமிடும்போது கடைசிப் படகின் நேரத்தை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவேன். முன்னோக்கி எண்ணுகிறவர்களுக்குத்தான் ஒரே நாளில் அருவி, எரிமலை, கடற்கரை, சந்தை எல்லாம் பார்த்துவிடலாம் என்ற மயக்கம் வருகிறது.

இந்தக் கணக்கு எங்கே கைகொடுக்கிறது என்பதற்கு டொமினிக்கா நல்ல உதாரணம். டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு. நான் சொல்வது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே இருக்கும், மலையும் காடும் ஆறுமாகவே ஆன டொமினிக்கா. அங்கே கொதிக்கும் ஏரி என்று ஒன்று இருக்கிறது. எரிமலைத் துளையின் மேல் தேங்கிய நீர், ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்தில், சாம்பல் நீல நிறத்தில் நடுவிலே குமிழியிட்டுக் கொதித்துக்கொண்டிருக்கும். அதைச் சூழ்ந்த மலைக்காடு 1997இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. படத்தைப் பார்த்த எவருக்கும் போக ஆசை வரும். ஆனால் லோடா என்ற மலைக்கிராமத்தின் அருகிலிருந்து நடந்து போய்த் திரும்ப நல்ல நடைக்காரருக்கே ஆறு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் ஏற்றம், இறக்கம், சேறு, கந்தக ஆவி. அந்தக் கிராமமோ தலைநகர் ரோசோவுக்கு மேலே, தீவின் தெற்குப் பாதியில் இருக்கிறது. உங்கள் கப்பல் நிற்பது வடக்கே போர்ட்ஸ்மத்தில். மலைச்சாலையில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் ஒன்பது அடங்காது. கொதிக்கும் ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர் டொமினிக்காவுக்கு விமானத்தில் போய் மூன்று நாள் தங்குவதே சரி. கப்பலில் வந்தவர் அந்த ஆசையை அன்றைக்கு மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

அதே போர்ட்ஸ்மத்தில், நங்கூரம் போட்ட இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், இந்தியன் ஆறு கடலில் கலக்கிறது. இந்தியர்களுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. தீவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்களை ஐரோப்பியர் அழைத்த பெயரால் வந்தது. அந்த ஆற்றில் இயந்திரப் படகுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் வழிகாட்டி துடுப்புப் போட்டுத்தான் அழைத்துப் போவார். இரண்டு கரையிலும் நிற்கும் மரங்களின் வேர்கள் பலகைகளைப் போல அகன்று, மடிப்பு மடிப்பாக நீருக்குள் இறங்கியிருக்கும். மேலே கிளைகள் கூடி வெயிலை மறைத்துவிடும். துடுப்பு நீரைத் தொடும் ஓசையும், நண்டுகள் வேரிடுக்கில் ஓடும் சரசரப்பும் தவிர வேறு சத்தம் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் முதல் படகில் இறங்கி இதை முடித்தால், பிற்பகலில் கேப்ரிட்ஸ் முனையில் பிரித்தானியர் கட்டிய ஷேர்லி கோட்டைக்கு நிதானமாக ஏறிப் பார்க்க நேரம் இருக்கும். கொதிக்கும் ஏரிக்கு ஓடிப் பாதி வழியில் திரும்பியவரைவிட இவர் டொமினிக்காவை அதிகம் பார்த்தவர்.

நேரத்துக்கு அடுத்தபடி கடல். இந்தத் தீவுகளில் ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. எனவே தீவின் கிழக்குக் கரை காற்று முகம், மேற்குக் கரை காற்று மறைவு. நான் சொன்ன இடங்களில் பெரும்பாலானவை மேற்குக் கரையில் இருப்பது தற்செயல் அல்ல. ஆனால் காற்று மறைவுக்கும் ஒரு சோதனை உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கு அத்திலாந்திக்கில் எங்கோ அடிக்கும் புயலின் விளைவாக நெடிய அலைகள் வடக்கிலிருந்து உருண்டு வந்து, காற்றே இல்லாத நாளிலும் படகுத்துறையை மோதும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை வீசும் பலத்த காற்றை அந்த ஊர்க்காரர் கிறிஸ்துமஸ் காற்று என்றே அழைக்கிறார்கள். அத்தகைய நாள்களில் கரைப்படகு துறையை அணைய முடியாமல் போகலாம். கப்பல் தலைவர் அந்தத் தீவையே விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகலாம், அல்லது செவ்வாய்க்கிழமைத் தீவை வியாழக்கிழமைக்கு மாற்றலாம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம் என்பதால் சிறு கப்பல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் இங்கே வருகின்றன. ஆக, நல்ல காலம் என்று நாம் தேர்ந்தெடுக்கும் மாதங்களிலேயே இந்த நெடிய அலைகளும் வருகின்றன. இதற்குப் பரிகாரம் இல்லை. ஆனால் திட்டத்தில் இதற்கு இடம் விடலாம். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பி ஏற்பாடு செய்திருந்தால், கப்பல் வராத நாளில் அந்தப் பணம் திரும்புவது அவருடைய மனத்தைப் பொறுத்தது. கப்பல் நிறுவனம் நடத்தும் கரைப்பயணம் என்றால், கப்பல் அந்தத் தீவுக்குப் போகாதபோது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம்.

எதைக் கப்பலிடம் வாங்குவது, எதை நாமே பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. கப்பல் நடத்தும் பயணம் விலை கூடியது, சந்தேகமே இல்லை. அந்தக் கூடுதல் விலைக்கு நாம் வாங்குவது முக்கியமாக ஒன்றைத்தான்: அந்தக் குழு தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமாக வந்தால் காத்திருக்காது. அடுத்த தீவுக்கு நாமே வழி தேட வேண்டும். ஆகவே தூரம் கூடினால், மலைச்சாலை என்றால், ஒரே ஒரு சாலைதான் என்றால், கப்பலின் பயணத்தை எடுங்கள். படகுத்துறையில் இறங்கியதும் ஊர் தொடங்கிவிடுகிறது என்றால் ஒரு காசும் கொடுக்காதீர்கள், நடந்தே பாருங்கள்.

சென் லூசியாவின் சூஃப்ரியேர் முதல் வகை. ஊருக்குத் தெற்கே இரண்டு பிட்டன் சிகரங்கள், ஒன்று ஏறத்தாழ 770 மீட்டர், மற்றது 743 மீட்டர், கடலிலிருந்தே நேராக எழுந்து நிற்கின்றன. கப்பல் அவற்றின் அடியில் போய் நிற்கும்போது கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பெரிய சிகரத்தில் ஏறலாம். உள்ளூர் வழிகாட்டியுடன் ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். அன்றைக்கு வேறெதற்கும் நேரம் இருக்காது, காலும் இருக்காது. ஏறாதவர்கள் கந்தக ஊற்றுகளுக்குப் போகலாம். கரிய சேற்றை உடம்பில் பூசிக் காய விட்டு, வெந்நீர்க் குளத்தில் கழுவிக்கொள்வது அங்கே பெரிய பொழுதுபோக்கு. போகிறவர்கள் வெள்ளி நகைகளைக் கப்பலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்; கந்தக ஆவியில் அவை கறுத்துவிடும். குளிக்கும் உடையும் பழையதாகவே இருக்கட்டும்.

சென் பியேர் இரண்டாவது வகை. எனக்கு இந்த வழித்தடத்திலேயே மிகப் பிடித்த ஊர் அதுதான். அதனால் சற்று அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மார்த்தினிக்கின் செல்வமும் நாகரிகமும் குவிந்திருந்த நகரம். 1902ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி காலை எட்டு மணியளவில், நகரத்துக்கு மேலே நிற்கும் பெலே மலை வெடித்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலுமாக ஒரு முகில் சரிந்து வந்து சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேரைக் கொன்றது. துறையில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. நகரத்துக்குள் உயிர் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர், தடித்த கற்சுவர் கொண்ட சிறை அறைக்குள் அடைபட்டிருந்த சிபாரிஸ் என்ற கைதி. அந்தச் சிறை அறை இன்றும் இருக்கிறது. இடிந்த நாடகசாலையின் அகன்ற படிகளில் ஏறி நின்றால், பக்கத்திலே கீழே அதைப் பார்க்கலாம்: குனிந்துதான் நுழைய வேண்டிய வாசல், கதவுக்கு மேலே சின்னஞ்சிறு துவாரம். வெளியே ஒரு நகரம் முழுவதும் அழிந்தபோது உள்ளே அந்தத் துவாரத்தின் வழியே வந்த வெப்பம் மட்டுமே அவரைச் சுட்டது.

இவை அனைத்தும் படகுத்துறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இடிபாடுகளுக்குக் கட்டணமும் வழிகாட்டியும் தேவையில்லை; அழிவு பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் நுழைவுச்சீட்டு. வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் வேறெங்கோ காட்டும் அரைநாள் பயணத்தை அங்கே வாங்குவது, என் பார்வையில், பணத்தையும் ஊரையும் சேர்த்து இழப்பது.

மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தமிழர்களாகிய நாம் தேடிப் பார்க்க வேறொன்றும் உண்டு. அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854இன் இறுதியில் குவாதலூப்பையும் அடைந்தது. வந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். மொழி போய்விட்டது, ஆனால் மாரியம்மன் மாலியேமேன் என்ற பெயரிலும், மதுரை வீரன் மால்தேவிலேன் என்ற பெயரிலும் அங்கே இன்னும் வழிபடப்படுகிறார்கள். சென் பியேரில் அதைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். மதிய உணவுக்கு ஒரு சிறு உணவகத்தில் உட்கார்ந்து கொலம்போ கேளுங்கள். கோழியிலோ ஆட்டிலோ செய்த குழம்பு வரும். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு அரைத்த தூள். குழம்பு என்ற சொல்தான் கொலம்போ ஆயிற்று என்பார் உண்டு; இலங்கையின் கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. எழுபத்திரண்டு வயதான என் அம்மா முதல் வாயை எடுத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, "இது எங்கட சரக்குத்தூள் வாசமெல்லோ" என்றார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்கு எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால், முதியவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரைப்பயணத்தின் கடினமான இடம் மலையும் அல்ல, வெயிலும் அல்ல. கப்பலிலிருந்து கரைப்படகுக்குக் காலெடுத்து வைக்கும் அந்த ஓர் அடிதான். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மாலுமிகள் இரு பக்கமும் நின்று கையைக் கொடுப்பார்கள், ஆனால் நம் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார்கள். அவர்கள் நம் மணிக்கட்டைப் பிடிக்க, நாம் அவர்கள் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். "ஏன் பிள்ளை, இந்தத் தம்பி கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்கிறார்?" என்று அம்மா என்னைக் கேட்டார். வியர்வையிலோ உப்புநீரிலோ உள்ளங்கை வழுக்கும், மணிக்கட்டுப் பிடி வழுக்காது என்பதே காரணம். கைப்பையை முதலில் மாலுமியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக, படகு மேலே வரும் தருணத்தில் அவர் "இப்போது" என்று சொல்லும்போது அடி வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: எந்தெந்தத் தீவில் படகுத்துறையில் இறக்குவீர்கள், எங்கே முழங்கால் அளவு நீரில் இறக்குவீர்கள்? சிறு கப்பல்களில் இரண்டாவது வகையும் சாதாரணம். அந்த நாளில் அம்மாவைப் போன்றவர்கள் கப்பலிலேயே இருந்து வேடிக்கை பார்ப்பது குறைவல்ல.

டொபாகோ கீஸ் அப்படி நீரில் இறங்க வேண்டிய இடம். பெயரைக் கேட்டு டிரினிடாட் டொபாகோவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். இது சென் வின்சென்ட் கிரெனடீன்ஸ் நாட்டைச் சேர்ந்த, ஆளில்லாத ஐந்து குட்டித் தீவுகளும் குதிரை லாட வடிவில் அவற்றைக் காக்கும் ஒரு பவளத் திட்டும். கட்டடம் எதுவும் இல்லை. கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. பராடல் என்ற தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் கடற்புல் மேய ஆமைகள் வரும். மிதவைக் கயிற்றால் எல்லை குறித்திருப்பார்கள். அங்கே திட்டமிட ஒன்றுமில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு நீரில் கிடக்க வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் மைரோ தீவில் மக்கள் சில நூறு பேர்தான். 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் சூறாவளி அந்தப் பகுதியைத் துவைத்துப் போட்டது. ஆகவே பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும் கடையும் உணவகமும் அப்படியே இருக்கும் என்று எண்ணிப் போகாமல், புறப்படும் முன் புதிய செய்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறைக் காரியங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சென் வின்சென்ட், சென் லூசியா, டொமினிக்கா ஆகியவற்றில் கிழக்குக் கரிபியன் டொலர் புழங்குகிறது. ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் இருக்கிறது. அமெரிக்க டொலரை வாங்கிக்கொள்வார்கள், மீதியை உள்ளூர்ப் பணத்தில் தருவார்கள். எனவே ஒரு டொலர், ஐந்து டொலர் தாள்களாக வைத்திருங்கள். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் யூரோ. விசாவைப் பற்றி ஒன்று முக்கியம்: ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இந்த இரண்டு தீவுகளும் பிரான்சின் பகுதிகளாக இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லுபடியாகும் என்று விசாவில் தனியே குறித்திருக்க வேண்டும். உடையில், இராணுவப் பச்சைக் கோலம் போட்ட சட்டையோ தொப்பியோ சிறு பிள்ளைக்குக்கூட எடுத்துப் போகாதீர்கள். பார்படோஸ், சென் லூசியா, டொமினிக்கா, சென் வின்சென்ட் ஆகிய நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். கடற்கரையில், பச்சை ஆப்பிள் போன்ற சிறு காய் காய்க்கும் மஞ்சினீல் மரத்தின் கீழ் மழைக்குக்கூட ஒதுங்க வேண்டாம். அதன் பால் தோலைச் சுட்டுவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள்.

இவ்வளவு நேரக் கணக்குச் சொன்ன நானே ஒருமுறை அகப்பட்டுக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெக்வேயில் படகுத்துறையிலிருந்து கடலோரமாகவே ஒரு நடைபாதை போகிறது. அதன் முடிவில் குன்றைக் கடந்தால் பிரின்சஸ் மார்கரெட் கடற்கரை. கடைசிப் படகு நாலரைக்கு. என் கணவரின் கைக்கடிகாரத்தில் மூன்று இருபது. கைப்பேசிகளை, வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் பயந்து, விமானத்தில் ஏறும்போதே தொடர்பைத் துண்டித்து வைத்திருந்தோம். அவையும் மூன்று இருபது என்றே காட்டின. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தபோதுதான், கரைப்படகு நிரம்பிய ஆட்களோடு கப்பலை நோக்கிப் போவதைப் பார்த்தேன். நாங்கள் வசிக்கும் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நேரம் கிழக்குக் கரிபியனைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. பிரிட்ஜ்டவுனில் இறங்கியபோது ஒருவரும் கடிகாரத்தைத் திருத்தவில்லை. முதல் நாள் இரவு முழுக்கக் கப்பலில் இருந்ததால் மணியடித்துச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள், போனோம். எங்கள் கடிகாரம் யாருக்கும் தேவைப்படவில்லை. பின்பக்கம் பலகை ஆசனம் போட்ட திறந்த வாடகை வாகனம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது நாங்கள் செய்த புண்ணியம். ஈர உடையோடு ஏறி, குன்றைச் சுற்றிப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது, கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மாலுமி நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஏற்றினார். படகு பாதி வழி வந்த பிறகு அம்மா மெல்லச் சொன்னார்: "மருமகன்ர மணிக்கூடு இன்னும் கனடாவிலதான் நிக்குது."

அன்றிலிருந்து, கப்பலேறியதும் வரவேற்பு மேசையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து எல்லோருடைய கடிகாரத்தையும் திருத்துவது என் வேலை. படகுத்துறையில் இறங்கும் இடத்தில் கடைசிப் படகின் நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

கடைசியாக, லே சேன்ட். இந்த நாளுக்கு நான் எதையும் திட்டமிடுவதில்லை. தெர் த ஓ என்ற அந்தத் தீவைக் குறுக்கே நடந்து கடந்துவிடலாம். நெப்போலியன் கோட்டைக்கு ஏற விரும்புகிறவர்கள் மட்டும் காலையிலேயே புறப்பட வேண்டும். பிற்பகலில் அது திறந்திருப்பதில்லை. மற்றவர்களுக்கு அவசரம் இல்லை. படகிலிருந்து இறங்கும்போதே, உள்ளூர்ப் பெண்கள் தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுட்ட சிறு வட்டப் பணியாரங்களைக் கூடையில் அடுக்கி, துணி மூடி விற்றுக்கொண்டிருப்பார்கள். அவற்றின் பெயர் காதலின் வேதனை என்று பொருள்படும். மீன்பிடிக்கப் போன கணவன்மாருக்காகச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்களால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். இரண்டு வாங்கிக்கொண்டு, சதுக்கத்தில் மரநிழலில் உட்காருங்கள். இறங்கும்போது சூடாக இருக்கும். மாலைப் படகுக்குத் திரும்பும்போது பெரும்பாலும் கூடை காலியாகியிருக்கும். ஆகவே வாங்குவதை மட்டும் இறங்கியவுடனே வாங்கிவிடுங்கள்.

வணக்கம்.